ஒன்பது வீட்டுச் சேவல்

1. ஒன்பதுக்கு ஒன்பது

“ஒன்பதுக்கு ஒன்பது பாசிட்டிவ்” என்று டாக்டர் மைதிலி வந்து சொன்னபோது நான் கேன்டீன் வடையில் பாதியை வாயில் போட்டிருந்தேன். அதை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எதிரில் நிற்பது புராஜெக்ட் தலைவி. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

என் பெயர் ஏகாம்பரம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பறவைக் காய்ச்சல் ஆராய்ச்சி லேபில் சீனியர் டெக்னீஷியனாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். வைரஸ் கண்காணிப்பு என்று சொன்னால் கேட்கக் கௌரவமாக இருக்கும். செய்கிற வேலை வேறு. கோழியைப் பிடித்து, அதன் தொண்டையில் ஒரு குச்சி, பின்பக்கத்தில் ஒரு குச்சி விட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். குச்சியின் முனையை வி.டி.எம். குழாயில் போட வேண்டும். லேப் வரைக்கும் வைரஸ் கெடாமல் காப்பாற்றுகிற தண்ணீர் உள்ள குழாய் அது. குழாயில் லேபிள் ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு சாம்பிள் முடிந்தது. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் “சாருக்கு என்ன வேலை” என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி “கவர்ன்மென்ட் புராஜெக்ட்” என்று சொல்லிக் கேசரித் தட்டை நீட்டிவிட்டாள்.

இப்போது புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பனிக்காலத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கு எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. சிலவற்றின் குடலில் இந்த வைரஸ் இருக்கும், ஆனால் அவற்றுக்கு ஒரு தும்மல்கூட வராது. அவற்றின் எச்சம் வயலில் விழும். அதை நம் ஊர்க் கோழியும் வாத்தும் கொத்தும். அங்கிருந்து எப்போதாவது கோழியைக் கையாளுகிற மனிதருக்கும் வரும். ஆகவே எங்கள் புராஜெக்ட்டில் ஏரிப் பறவையின் எச்சம், வீட்டுக் கோழி, கோழி வளர்க்கும் மனிதர் என்று மூன்று பேரையும் பார்ப்போம்.

அந்த ஒன்பது சாம்பிளும் ஏரிக்குப் பக்கத்து ஊரில் ஒரே தெருவில் ஒன்பது வீட்டில் நான் எடுத்தவை. இன்ஃபுளுயன்சா ‘ஏ’ வகை என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதிலே ஆளைக் கொல்லும் ஹெச்-ஃபைவா, இல்லை ஏதாவது சாதுவான வகையா என்று பார்க்கும் கிட் மறுநாள்தான் வரும். ஹெச்-ஃபைவ் என்றால் சுற்று வட்டாரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு எல்லாக் கோழியையும் கொன்று புதைக்க வேண்டும்.

“அஞ்சு மணிக்குள்ள நான் மேல ரிப்போர்ட் அனுப்பணும் ஏகாம்பரம் சார். தெருவுல ஒரு வீடு விடாம பாசிட்டிவ்னா யாரும் நாளைக்கு வரைக்கும் சும்மா இருக்க மாட்டாங்க. இப்பவே ஆள், குழி எல்லாம் ரெடி பண்ணுவாங்க” என்றார் டாக்டர்.

மணி அப்போது மூன்றேகால். மீதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காரணம், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அது ஒன்பது கோழி இல்லை.

2. முன்னால் நான், பின்னால் சேவல்

ஒரு வாரத்துக்கு முன்னால் நடந்தது இது. டாக்டர் ஏரிக்கரையில் மரத்தடியில் எச்சம் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னையும் டிரைவர் பாஸ்கரையும் தெருவுக்கு அனுப்பினார். ஒன்பது வீடு, வீட்டுக்கு ஒரு பறவை. அவ்வளவுதான் வேலை.

அந்தத் தெருவுக்குப் பெரிய மனுஷி யார் என்றால் சசிகலா. நாற்பது வயசு இருக்கும். மூன்றாவது வீடு. பின்பக்கம் வலை கட்டி அறுபது நாட்டுக்கோழி வளர்த்தாள். முட்டையும் கோழியும் மாமல்லபுரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகும். முதல் முறை வளர்த்ததில் பாதியை வெள்ளைக் கழிச்சல் நோய் கொண்டுபோயிற்று, மீதியைக் கீரி கொண்டுபோயிற்று. மறுபடியும் குஞ்சு பொரிக்க வைத்து, அப்போதுதான் நிமிர்ந்திருந்தாள். வீட்டுச் செலவு முழுக்க அந்த வலைக்குள்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் வருவதற்கு முன்பே எங்களைப் பற்றி ஒரு சேதி வந்து சேர்ந்திருந்தது. குச்சி வைத்த கோழி முட்டை போடாதாம். எவன் கிளப்பினானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

முதல் வீட்டில் ஒரு சிவப்புச் சேவலைக் காலைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். அது என் கையுறையைக் கிழித்து, முழங்கையில் ஒரு கோடு போட்டது. இரண்டாவது வீட்டிலும் ஒரு சிவப்புச் சேவல். அதற்கு அவ்வளவு கோபம் இல்லை. மூன்றாவது, சசிகலா வீடு. வலைக்குள் அறுபது கோழி என் கண்ணெதிரே கொக்கரிக்கிறது. அவள் அதைத் தாண்டி எங்கேயோ போய் ஒரு சிவப்புச் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து ஒன்றைப் பிடித்துக் கொடும்மா என்றேன். அதெல்லாம் அடையில் இருக்கிறது, கை பட்டால் எழுந்துவிடும் என்றாள். அறுபதும் ஒரே நாளில் அடையில் உட்கார்ந்த அதிசயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்காவது வீட்டில் என்னைப் பார்த்ததும் சேவல் தானாக வாயைத் திறந்தது.

தண்ணீர் குடிக்க வண்டிக்குப் போனேன். பாஸ்கர் பின்பக்கச் சந்தில் வண்டியை நிறுத்தியிருந்தான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாத்த, முன்னால தெருவுல நீ வந்துகினு கீற. பின்னால வேலிக்கு வேலி சேவல் வந்துகினு கீது. ரெண்டு பேரும் கரெக்டா ஒண்ணா போய்ச் சேர்றீங்க” என்றான்.

விசாரித்துச் சொன்னதும் அவன்தான். அது தெரு சேர்ந்து அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். ஆடியில் கொடுக்க வேண்டியது. அதுவரை யாருக்கும் சொந்தமில்லை, எல்லா வீட்டிலும் அதற்குத் தீனி உண்டு, எந்தக் கூரையிலும் ஏறித் தூங்கும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் “எங்க வூட்டுச் சேவல்” என்று கூசாமல் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் அது பொய்யே இல்லை. அம்மன் பார்த்துக்கொள்கிற சேவலுக்குக் குச்சியால் ஒன்றும் ஆகாது. தங்கள் கோழியும் பிழைத்தது. சசிகலாவின் யோசனை அது.

அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உச்சி வெயில். முழுக்கை பிளாஸ்டிக் அங்கி, மாஸ்க், கண்ணாடி. உள்ளே வேர்வை ஓடி பூட்ஸில் தேங்கியது. திறந்து மேய்கிற நாட்டுக்கோழியை அந்த நேரத்தில் துரத்திப் பிடிப்பது எப்படி என்று துரத்தியவனுக்குத்தான் தெரியும். இந்தச் சேவலோ நன்றாகப் பழகிவிட்டது. பாஸ்கரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு ஐந்தாவது வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒன்பதும் முடிந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் அவ்வளவு சீக்கிரம் நான் ஒரு தெருவை முடித்ததில்லை.

3. நிறம் என்ற கட்டம்

மூன்றரை மணிக்கு டாக்டர் அறைக்குள் போய் நின்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் வாய் வரவில்லை. பென்ஷன், மெமோ, மனைவி, சம்பந்தி எல்லாரும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள்.

டாக்டர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பி.சி.ஆர். மெஷின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு கோடு வரையும். ஒன்பது கோழி என்றால் ஒன்பது கோடும் முன்னே பின்னே ஏற வேண்டும். இங்கே ஒன்பதும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொண்டு போயிருந்தன. ஏதோ யோசனையில் அவர் என் சாம்பிள் படிவங்களை எடுத்தார். அதில் பறவையின் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. அதை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். அவர் குரல் எப்போதுமே ரயில்வே அறிவிப்பு மாதிரிதான் இருக்கும்.

“சிவப்பு. செம்பழுப்பு. செங்கல் நிறம். மிளகாய்ப்பழ நிறம். குங்கும நிறம். செம்மண் நிறம். மாதுளை நிறம். செம்புப் பாத்திர நிறம்.” ஒன்பதாவது தாளில் நிறுத்தினார். “பொன் கலந்த சிவப்பு.”

அன்றைக்கு எழுதும்போது என் மொழிப் புலமையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

“ஏகாம்பரம் சார், இது ஒன்பது சேவலா?”

“ஒரே சேவல்தான் மேடம். தெருக்காரங்க வீட்டுக்கு வீடு அதையே கொண்டுவந்து காட்டினாங்க.”

“அவங்க ஏமாத்தினது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நாலாவது வீட்ல.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்து, ஒரு சேவல் பாசிட்டிவ், தெரு முழுக்க மறுபடியும் சாம்பிள் எடுக்கப் போகிறோம், காரணம் சாம்பிள் எடுத்ததில் தவறு என்று ரிப்போர்ட் அடித்தார். தவறு யாருடையது என்பதற்கு எதிரில் என் பெயரை அடித்தார். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தார். அனுப்பிவிட்டு, அங்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வாருங்கள் என்றார்.

4. லோடு ஆட்டோ

வழியெல்லாம் பாஸ்கர் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்படி இருக்கிற ஆள் இல்லை. தெருமுனை வந்ததும் காரணம் புரிந்தது. பாசிட்டிவ் என்று காதில் விழுந்த உடனே இவன் தெருவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

சசிகலா வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. மேலே கூடை கூடையாகக் கோழி. முட்டுக்காட்டில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு அறுபதையும் அனுப்பிவிடப் போகிறாள். டாக்டர் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்தார். அந்தக் கோழிகளில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் அது இங்கிருந்து கடற்கரை வரை வழியெல்லாம் இறங்கும். நான் அங்கியைப் பாதி மாட்டியபடி ஓடிப்போய் ஆட்டோவுக்கு முன்னால் நின்றேன். ஒரு கை அங்கிக்குள், ஒரு கை வெளியே. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“தள்ளு அண்ணா. புதைக்கறதுக்குக் குழி வெட்டப் போறாங்களாமே. எம் புள்ளைங்கள நான் இட்டுகினு போறேன்” என்றாள் சசிகலா.

கோழிகளைத்தான் அப்படிச் சொன்னாள்.

இறக்கும்மா என்றேன். நோய் வந்தது சேவலுக்குத்தான், உன் கோழிக்கு நாங்கள் இன்னும் டெஸ்டே செய்யவில்லை என்றேன். டெஸ்ட் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

“ஒரே சேவல்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒம்போது தபா எழுதிகினு போன?”

“ஆமாம்மா. துரத்திப் பிடிக்கச் சோம்பல். தப்புதான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஒரு வாரமும் குழாயடியில் என் கதையைச் சொல்லிச் சொல்லி அவர்கள் சிரித்திருக்கிறார்கள். சேவலின் பின்பக்கத்தை ஒன்பது முறை பார்த்தும் அடையாளம் தெரியாத ஆபீசர் என்று எனக்குப் பட்டம்கூட உண்டு. அவள் சிரித்தது பாதிக்கு மேல் வீண் என்பது இப்போது தெரிந்தது.

“நான் ஒன்ன ஏமாத்திட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன். நீ எனக்கு மேல கீற” என்றாள். “என் அறுபதும் போவறதுக்கு நானே வழி பண்ணிட்டேனா?”

நீ பாதி, நான் பாதி என்றேன். டாக்டர் குறுக்கே வரவில்லை. என்னையே பேச விட்டார்.

“குச்சி வச்சு நல்லாக் கீதுன்னு வந்தா?” என்று கேட்டாள்.

“சேவலுக்கு வந்ததும் சாதுவான வகைன்னு நாளைக்குத் தெரிஞ்சா, ஒரு கோழியையும் தொட மாட்டாங்க.”

“இல்லன்னு வந்தா?”

பொய் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நாக்கு நுனிவரை வந்தது.

“போயிடும்மா. எல்லாமே போயிடும். ஆனா நீ முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோனா ஒன் தங்கச்சி தெருவும் சேர்ந்து போகும்.”

அவள் ஆட்டோவின் பின்கதவைத் திறந்தாள். பிறகு முதல் கூடையை அவளே இறக்கினாள்.

“ஒண்ணு வுடாம அறுபதுக்கும் வையி. நானே புடிச்சுத் தரேன். இந்த தபா கண்ணத் தொறந்து எழுது.”

5. வரிசை

அறுபது கோழிக்கும் காலில் நம்பர் வளையம் மாட்டி, தொண்டையும் பின்பக்கமும் எடுத்தேன். சசிகலா ஒவ்வொன்றாகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் பெயர் சொல்லி, நம்பரை வாய்விட்டுப் படித்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். முப்பதாவது கோழிக்குமேல் என் விரல் மரத்துப்போயிற்று. நாற்பத்திரண்டாம் நம்பர் என் மணிக்கட்டைக் கொத்தியது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அறுபது முடிந்ததும் மற்ற எட்டு வீட்டிலும் அவரவர் சொந்தக் கோழியைத் துரத்திப் பிடித்தோம். சேவலை மட்டும் தனியாகக் கூடை கவிழ்த்து வைத்தோம். அம்மன் சேவலைக் கவிழ்ப்பதா என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. கவிழ்க்காவிட்டால் நாளைக்கு யாருக்குக் காய்ச்சல் வரும் என்று தெரியாது என்று டாக்டர் பதில் சொன்னார்.

அப்புறம் அவர் பெரிய குச்சிக் கட்டு ஒன்றை எடுத்தார். அந்தச் சேவலைக் கையால் தொட்டவர்கள் எல்லாரும் வரிசையில் வர வேண்டும், மூக்கிலும் தொண்டையிலும் எடுக்க வேண்டும் என்றார்.

முதலில் யாரும் நகரவில்லை. ஒருத்தி வந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. வேலிக்கு வேலி வாங்கிக் கொடுத்தவர்கள், காலைக் கட்டியவர்கள், பிடித்து நின்றவர்கள் என்று வரிசை தெருமுனையில் திரும்பியது. ஒரு சேவலைக் கடத்த இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். கொரோனா காலத்தில் எல்லாருக்கும் மூக்குக் குச்சி பழக்கம்தான். இருந்தாலும் அவரவர் முறை வரும்போது கண்ணில் நீர் முட்டியது.

“நீங்களும்தான்” என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. “எல்லாரையும்விட அந்தச் சேவலோட அதிகம் பழகினது நீங்க.”

வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் சசிகலா மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“நல்லா உள்ள வுடுங்க மேடம். ஒம்போது வாட்டி வையுங்க” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது. சேவலுக்கு ஹெச்-ஃபைவ் இல்லை, ஹெச்-நைன் என்ற சாதுவான வகை. சசிகலாவின் அறுபதும் நெகட்டிவ். தெருவில் வேறு எந்தக் கோழிக்கும், எந்த மனிதருக்கும் இல்லை. சசிகலாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது. அப்புறம், இன்னொரு தபா சொல்லு என்றாள். சொன்னேன்.

சேவலுக்கும் நல்ல காலம்தான். அது குணமானதும் குச்சி பட்ட சேவல் அம்மனுக்கு ஆகாது என்று தெரு முடிவு செய்து, ஆடிக்கு வேறொன்றை நேர்ந்துவிட்டார்கள்.

6. சிவப்புப் பேனா

எனக்கு மெமோ வந்தது. பென்ஷனுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும், கதை சுபமாக முடிந்தது என்று இனிப்பு வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் இனிப்பை எடுத்துக்கொண்டார். அந்தப் பருவத்துப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

“இந்தத் தடவை பாசிட்டிவ் வந்துச்சு, அதனால மாட்டினீங்க. சேவல் நெகட்டிவா இருந்து, அவங்க கோழிக்கு நோய் இருந்திருந்தா?”

பதில் எனக்குத் தெரியும். ஒன்பது வீடும் சுத்தம் என்று நான் எழுதியிருப்பேன். சசிகலா கோழியை விற்றிருப்பாள். கடைக்காரன் அறுத்திருப்பான். ஒருவருக்கு மூச்சுத் திணறும்வரை யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அன்றைக்கும் நேரத்துக்குச் சாப்பிடப் போயிருப்பேன்.

டாக்டர் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். ஒவ்வொரு ஊராகப் பாருங்கள், அங்கே எடுத்த பறவை ஒவ்வொன்றும் வேறு வேறுதான் என்று சத்தியம் பண்ண முடிந்தால் விட்டுவிடுங்கள், முடியாவிட்டால் ‘நெகட்டிவ்’ என்பதை அடித்துவிட்டு ‘தெரியாது’ என்று எழுதுங்கள், அந்த ஊருக்கெல்லாம் மறுபடியும் போவோம் என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். வெயிலுக்கு நிழலில் நின்றுகொண்டே முடித்த ஊர்கள் நினைவுக்கு வந்தன. ஒரே கூடையிலிருந்து நாலு வீட்டுக் கோழியை எடுத்த ஊர் நினைவுக்கு வந்தது. பறவை திமிறவில்லையே என்று சந்தோஷப்பட்ட தெருக்கள் வந்தன. ஒவ்வொன்றாக அடித்தேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற புத்திமதி ஒன்றுதான். பாசிட்டிவ் வந்தால் நாலு பேர் வந்து கேள்வி கேட்பார்கள். நெகட்டிவ் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடித்துவிட்டுப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் நான் போன இருபத்து மூன்று ஊரில் இரண்டு ஊர்தான் அடிபடாமல் மிஞ்சியிருந்தன. அந்த இரண்டிலும் டாக்டர் என் பக்கத்தில் நின்றிருந்தார்.